எந்தச் சர்க்கரை?
ஒரு நோயை வகை பிரித்த கதை



நமது நிலையத்தில் மருத்துவ உரை நிகழ்த்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் கணக்காளன். பி.காம். படித்துவிட்டு வளைகுடாவுக்கு வந்து, அடுத்தவர் வரவு செலவை எழுதியே தலை நரைத்தவன். ஆனாலும் நேயர் கடிதங்களைப் பிரித்துத் தொகுக்கிற வேலை என்னிடம் இருப்பதால், சில கேள்விகள் திரும்பத் திரும்ப என் கண்ணில்தான் முதலில் படுகின்றன. அவற்றில் ஒன்று இது: "எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் டைப் 2 என்று எழுதியிருக்கிறது. நான் ஒல்லியான ஆள், வயதும் நாற்பது ஆகவில்லை. இது எப்படி டைப் 2 ஆகும்?"

இதற்கு வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த 2 என்ற எண்ணை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள் என்று தேடிப் படிக்க யாரும் தடை சொல்லவில்லை. படித்ததில் தெரிந்தது, நம் ஊருக்கு, அதிலும் சென்னைக்கும் வேலூருக்கும் கேரளத்துக்கும், இந்தக் கதையில் பெரிய பங்கு இருக்கிறது என்பதுதான். அதைத்தான் இந்த மாதம் சொல்லப் போகிறேன்.

வகை பிரிப்பது புதிய விஷயமல்ல. சரகர், சுசுருதர் பெயரில் வழங்கும் ஆயுர்வேத நூல்கள் பிரமேகத்தை இருபதாகப் பிரித்தன. கபத்தால் பத்து, பித்தத்தால் ஆறு, வாதத்தால் நான்கு. அந்தக் கடைசி நான்கில் ஒன்றுதான் மதுமேகம், அதாவது தேன் போல் இனிக்கும் சிறுநீர். சித்த மருத்துவத்திலும் நாம் அதே பெயரைத்தான் சொல்கிறோம். ஆனால் இருபது என்ற கணக்கை விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த நூல்கள் நோயைப் பிரித்ததோடு நிற்காமல் நோயாளியையும் இரண்டாகப் பிரித்தன: பிறவியிலேயே நோயின் வித்து உள்ள மெலிந்தவன் ஒருவன், தின்று உட்கார்ந்து பருத்தவன் இன்னொருவன். பருத்தவனுக்கு உடலை வற்றச் செய்யும் வைத்தியம். மெலிந்தவனுக்கு உடலைத் தேற்றும் வைத்தியம். ஒரே நோய்ப் பெயர், நேர் எதிரான இரண்டு வைத்தியம். வகை தெரியாமல் வைத்தியம் செய்தால் என்ன ஆகும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

நாம் இப்போது குடியிருக்கும் அரபு உலகிலும் இதைப் பற்றி எழுதியவர்கள் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் இப்னு சீனா தமது பெரிய மருத்துவ நூலில் இந்த நோயாளியின் அடங்காத பசியையும், சிறுநீரின் இனிப்பையும் குறித்திருக்கிறார். ஐரோப்பாவில் மெலிந்தவர் நோய், பருத்தவர் நோய் என்று பெயர் வைத்தது மிகவும் பின்னால்தான். பாரிஸ் நகர மருத்துவர் லான்செரோ 1880-இல் வைத்தார். மெலிந்தவர் நோய்க்குக் காரணம் கணையம் என்றும் சொன்னார். ஒன்பது ஆண்டு கழித்து, 1889-இல், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள், அதற்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையம்தான் மூலம் என்பது உறுதியாயிற்று.

பிறகு இன்சுலின். 1921-இல் டொரான்டோவில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் கண்டுபிடித்தது எல்லோரும் அறிந்த கதை. 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போடப்பட்டது. அதற்கு முன்னால் அந்த வயதில் இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி இறந்துபோவார்கள். இன்சுலின் வந்ததும் மருத்துவ உலகம் பெருமூச்சு விட்டது. "ஆகா, நோய் ஒன்றுதான், குறை ஒன்றுதான், அது இன்சுலின் குறை" என்று முடிவு கட்டியது. ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த இரண்டு தலைப்புகளையும் ஒன்றாக்கி மூடியதுபோல் ஆயிற்று.

மூடிய கணக்கை மறுபடி திறந்தவர் லண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த். 1936-இல் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. நோயாளிக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே சமயத்தில் கொடுத்துவிட்டு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறதா என்று பார்த்தார். சிலருக்கு ஏறவில்லை, இன்சுலின் வேலை செய்தது. சிலருக்கு ஏறிக்கொண்டே போனது, இன்சுலின் போட்டும் உடல் அதைக் கேட்கவில்லை. ஆகவே இன்சுலினுக்குக் கட்டுப்படுகிற நோய் ஒன்று, கட்டுப்படாத நோய் ஒன்று என்று எழுதினார். இன்று நாம் டைப் 1, டைப் 2 என்று சொல்வதன் விதை அங்கேதான் இருக்கிறது. ஆனால் இன்சுலின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அன்று வழியில்லை. அளக்க முடியாததை யார் நம்புவார்?

1951-இல் போர்ன்ஸ்டீன், லாரன்ஸ் என்ற இருவர் லண்டனில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சில சுரப்பிகளை நீக்கி, சர்க்கரை நோயும் வரவைத்த எலிகளுக்கு நோயாளியின் ரத்த நீரைச் செலுத்தி, எலியின் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்த்தார்கள். மெலிந்த இளைஞர்களின் ரத்த நீரில் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பருத்த வயதானவர்களின் ரத்த நீரில் எலியின் சர்க்கரை இறங்கியது. அதாவது அவர்களிடம் இன்சுலின் இருந்தது! இருந்தும் நோய் இருந்தது. இந்த லாரன்ஸ் தாமே சர்க்கரை நோயாளி. இன்சுலின் வந்ததால் உயிர் பிழைத்தவர்.

எலி போய்க் கருவி வந்தது 1960 வாக்கில். ரோசலின் யாலோ, பெர்சன் ஆகியோர் அமெரிக்காவில் கதிரியக்க முறையால் ரத்தத்து இன்சுலினை அளந்து காட்டினார்கள். யாலோ அம்மையாருக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் காலமாகிவிட்டார். 1974-இல் பொட்டாட்ஸோ குழுவினர் லண்டனில் இன்னொன்றைக் கண்டார்கள். இளம் வயதில் இன்சுலின் அற்றுப்போகிறவர்களில் சிலரது ரத்தத்தில், தங்கள் கணையத்தையே எதிரியாக நினைத்து உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள்கள் இருந்தன. இவற்றைத்தான் ஆன்டிபாடி என்கிறோம். அதாவது ஒரு வகையில் உடலின் காவல்காரனே வீட்டுக்குத் தீ வைக்கிறான். மற்ற வகையில் அந்தச் சண்டையே இல்லை.

இத்தனைக்கும் பிறகு 1979-இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று பெயர்களை ஒழுங்குபடுத்தியது. "இன்சுலின் சார்ந்த நோய்", "இன்சுலின் சாராத நோய்" என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நோய்க்கு வைத்த பெயரல்ல, வைத்தியத்துக்கு வைத்த பெயர். மாத்திரையில் இருந்தவர் பத்து ஆண்டு கழித்து இன்சுலினுக்கு மாறினால், அவர் நோயே மாறிவிட்டதா? இந்தக் குழப்பத்தைப் பார்த்து 1997-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் குழு அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு, டைப் 1, டைப் 2 என்று எண்களை மட்டும் வைத்தது. ரோமன் எழுத்தில் இரண்டு என்று போட்டால் பதினொன்று என்று படித்துவிடுவார்கள் என்பதற்காகச் சாதாரண எண்ணில் எழுதச் சொன்னார்கள். ஒரு கணக்காளனாக இந்த ஜாக்கிரதை எனக்கு மிகவும் பிடித்தது.

அதே பட்டியலில் மூன்றாவது தலைப்பும் நான்காவது தலைப்பும் உண்டு. பலருக்குத் தெரியாது. மூன்று என்பது குறிப்பிட்ட காரணம் தெரிந்த பிற வகைகள் எல்லாம் சேர்ந்தது: ஒற்றை மரபணுக் கோளாறு, கணைய நோய், சில மருந்துகள் என்று. நான்கு, கர்ப்ப காலத்துச் சர்க்கரை. நமது கிளினிக்குகளில் எழுதப்படுவது பெரும்பாலும் முதல் இரண்டுதான்.

இதுவரை சொன்னது லண்டன், பாரிஸ், அமெரிக்கக் கதை. அவர்கள் பார்த்த நோயாளிகளை வைத்து அவர்கள் பிரித்தார்கள். வெப்ப நாடுகளில் வேலை பார்த்த மருத்துவர்களுக்கு ஆரம்பம் முதலே ஒரு சங்கடம் இருந்தது. இரண்டு பெட்டியிலும் அடங்காத நோயாளிகள் அவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

1955-இல் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர் ஜமைக்காவில் இதை எழுதினார். இளைஞர்கள், மெலிந்தவர்கள், இன்சுலின் நிறையத் தேவைப்பட்டது. ஆனால் இன்சுலினை நிறுத்தினாலும் டைப் 1 நோயாளிபோல் ரத்தம் அமிலமாகி மயங்கி விழவில்லை. ஜமைக்காவின் முதல் எழுத்தை வைத்து 'ஜே டைப்' என்றார். 1959-இல் சூய்டெமா என்பவர் இந்தோனேசியாவில் ஏழை நோயாளிகளின் கணையத்தில் கற்கள் இருப்பதைக் கண்டு எழுதினார்.

அந்தக் கணையக் கல் நோய் உலகத்திலேயே அதிகமாகப் பேசப்பட்ட இடம் நமது பக்கத்து வீடான கேரளம். டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் அங்கே நூற்றுக்கணக்கில் இந்த நோயாளிகளைப் பார்த்து, 1968-இல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். நோயின் போக்கு பெரும்பாலும் இப்படி: சிறு வயதில் அடிக்கடி கடுமையான வயிற்றுவலி. பதின்ம வயது தாண்டும்போது எண்ணெய்ப்பசையோடு வயிறு போகும். இளமையில் சர்க்கரை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பின் இரு பக்கமும் கணையம் இருக்கிற இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். ஒல்லியான ஏழைப் பிள்ளைகள். இதற்கும் பருமனுக்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் கேரளத்தில் இவ்வளவு? மரவள்ளிக்கிழங்கு மேல் சந்தேகம் விழுந்தது. 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஏழைகளின் பசிக்கு மாற்றாக அந்தக் கிழங்கைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மாவை ஜப்பான் பிடித்து அரிசி வரவு நின்றபோது, கஞ்சிக்குப் பதில் கப்பை என்று அந்த நாடே அதில் உயிர் பிடித்தது. கிழங்கில் சயனைடு தரும் பொருள்கள் இருக்கின்றன. புரதம் குறைந்த உடம்பால் அந்த விஷத்தை முறிக்க முடியாமல் கணையம் கெடுகிறது என்று 1979-இல் மெக்மில்லனும் கீவர்கீஸும் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். கேட்பதற்குப் பொருத்தமான கதைதான். ஆனால் கப்பையே சாப்பிடாத ஊர்களிலும், சென்னையிலும் கூட, இந்த நோய் இருந்தது. பின்னாளில், 2002 முதல், ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இந்த நோயாளிகளில் பலரிடம் இருப்பது வங்கதேசத்திலும் இந்தியாவிலும் தெரிய வந்தது. கிழங்கின் மேல் போட்ட வழக்கு நிரூபணமாகவில்லை. கப்பையும் மீன் குழம்பும் விரும்புகிற மலையாள நண்பர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 1985-இல் இவர்களுக்கு இடம் கொடுத்தது. "ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு" என்று ஒரு தலைப்பு, அதன் கீழே இரண்டு உட்பிரிவு: கணையக் கல் உள்ளது, கல் இல்லாதது. பதினான்கு ஆண்டுதான். 1999-இல் அதே நிறுவனம் அந்தத் தலைப்பை எடுத்துவிட்டது. ஊட்டக்குறைவுதான் காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். கணையக் கல் நோய் 'கணைய நோய்களால் வருவது' என்ற தலைப்புக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது. கல் இல்லாத மெலிந்த ஏழை நோயாளிகளுக்கு மட்டும் தலைப்பு இல்லாமல் போயிற்று. எங்கள் தொழிலில், எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம், ஆதாரம் கிடைக்கும்வரை அது கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். இங்கே அதுகூடச் செய்யவில்லை. சஸ்பென்ஸ் கணக்கையே மூடிவிட்டு, அந்த மனிதர்களை 1-இலும் 2-இலும் பங்கு போட்டுவிட்டார்கள். என் அபிப்பிராயம், ஆதாரம் போதாது என்றது சரியாக இருக்கலாம். நோயாளி ஒருவரும் குறையவில்லை என்பதும் சரி.

சென்னைக்கு வருவோம். டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல் என்பார்கள். பிற்பாடு ராயபுரத்தில் அவர் அமைத்த மருத்துவமனை தென்னிந்தியா முழுக்கப் பெயர் பெற்றது. அவருடைய மகன் டாக்டர் வி. மோகன், டாக்டர் ஏ. ராமச்சந்திரன் முதலியோர் 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இளம் வயதில் சர்க்கரை வந்தும் இன்சுலின் இல்லாமலே வாழ்கிறவர்கள், தாத்தா, அப்பா, மகன் என்று வரிசையாக நோய் வருகிற குடும்பத்தார், நம்மிடையே எதிர்பார்த்ததை விட அதிகம் என்றார்கள். இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மோடி' என்பார்கள். 1974-இல் டேட்டர்சால் என்பவர் பிரிட்டனில் எழுதிய வகை இது. இது ஒற்றை மரபணுக் கோளாறு. சரியாகக் கண்டுபிடித்தால் அதில் சில வகையினருக்கு ஊசியே வேண்டாம், விலை குறைந்த பழைய மாத்திரை போதும். பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை வரும் கைக்குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கும் இதே நல்ல செய்தி 2006-இல் வந்தது. மரபணுச் சோதனை செய்து, இன்சுலினை விட்டு மாத்திரைக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் சென்னையிலும் இருக்கிறார்கள். டைப் 1 என்று எழுதி மூடியிருந்தால் வாழ்நாள் முழுக்க ஊசிதான்.

இனி நாம் பிழைக்க வந்த மண்ணைப் பார்ப்போம். 1999-2000-இல் அமீரகத்தில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. வெளிநாட்டவர்களையும் சேர்த்த கணக்கு அது. இன்னொரு பக்கம், குவைத்திலும் சவூதியிலும் குழந்தைகளுக்கு வருகிற டைப் 1 உலகிலேயே மிக அதிகமாகக் காணும் நாடுகளின் வரிசையில் இருக்கிறது. இரண்டு வெள்ளமும் ஒரே ஊரில். வயது வந்த ஒருவர் கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் மருத்துவர் டைப் 2 என்று எழுதுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் பெரும்பாலோருக்கு அதுதான். குறை சொல்ல முடியாது. ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்கு வெளியே நிற்கிறவர் நீங்களாக இருந்தால்?

எங்கள் கம்பெனியின் இன்சூரன்ஸ் காகிதங்கள் என் மேசை வழியாகப் போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு தம்பி, முப்பது வயதுகூட ஆகாதவர், தாகம், அடிக்கடி சிறுநீர் என்று ஒரு கிளினிக்குக்குப் போனார். சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டார். நடந்தார். சோற்றைப் பாதியாகக் குறைத்தார். இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ இறங்கியது. "நல்ல கட்டுப்பாடு, பார்த்தீங்களா" என்று கேம்ப்பில் எல்லோரும் மெச்சினார்கள். ஒரு இரவு வாந்தி, மூச்சு வாங்கல், வாயில் பழம் அழுகியது போன்ற வாசனை. அவசரப் பிரிவில் சேர்த்து இன்சுலின் ஏற்றிக் காப்பாற்றினார்கள். ரத்தம் அமிலமாகிவிட்டதாம். ஆன்டிபாடி பார்த்தார்கள், இருந்தது. அடுத்த ரிப்போர்ட்டில் எண் 1 ஆகிவிட்டது. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். இப்போது ஊரில் கடை வைத்திருக்கிறார், நான்கு வேளை ஊசியோடு நலமாக இருக்கிறார்.

இது ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் நடப்பதல்ல. பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்தபோது, 2012-இல், தெரசா மே அம்மையாருக்குச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டது. வயது 56. முதலில் டைப் 2 என்றுதான் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை கேட்கவில்லை. மறுபடி சோதித்தபோது டைப் 1. இன்சுலின் போட்டுக்கொண்டே 2016 முதல் 2019 வரை பிரதமராகவும் இருந்தார். டைப் 1 குழந்தைகள் நோய் என்பது நம் மனதில் பதிந்துபோன எண்ணம். பிரிட்டனில் பெரும் எண்ணிக்கையிலானோரின் மரபணுக்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 60 வயதுக்குள் டைப் 1 வருகிறவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு அது முப்பது வயதுக்குப் பிறகே வருகிறது என்று அது சொன்னது.

அப்படியானால் ஒல்லியாக இருந்தால் டைப் 2 இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் தவறு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் புகைப்படத்தை அருகருகே வெளியிட்டார்கள். இருவரும் மெலிந்தவர்கள், உயரத்துக்குத் தக்க எடைக் கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு நூற்றுக்கு 9, யாஜ்னிக்குக்கு 21. நம்மவர் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு இருக்கும். கை கால் குச்சி, வயிறு மட்டும் லேசாகத் தொந்தி, நம் அலுவலகங்களில் பாதிப் பேர் அப்படித்தான். (கண்ணாடியில் பார்த்தால் நானும் அதில் ஒருவன்.) ஆகவே நம்மவருக்கு டைப் 2 இளம் வயதிலும், குறைந்த எடையிலும் வருகிறது. வயதும் உடல்வாகும் தனியாக எதையும் தீர்மானிக்காது.

பிறகு எதை வைத்துத்தான் தீர்மானிப்பது? முதலில், சோதனைச் சாவடி போல் எல்லோரும் கேட்கிற ஹெச்.பி.ஏ.1சி இதற்கு உதவாது. அது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும். நோய் இருக்கிறதா, எவ்வளவு என்று தெரியும். எந்த வகை என்று தெரியாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் அப்படியே.

வகையைச் சொல்ல உதவுவது, முன்னே பார்த்த அதே வரலாற்றில் பிறந்த சோதனைகள்தான். 1974-இல் தொடங்கிய வழியில் வந்தது ஆன்டிபாடி சோதனை. இன்று அதிகம் செய்வது 'காட்' ஆன்டிபாடி. இருந்தால், மற்ற அறிகுறிகளும் பொருந்தினால், டைப் 1 என்று கருத வலுவான காரணம். இல்லாவிட்டால் டைப் 1 இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. சிலருக்கு ஆன்டிபாடி இருந்தும் நோய் மெதுவாக, மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் வரும். முதலில் மாத்திரைக்குக் கட்டுப்படுவதுபோல் இருந்து பிறகு கைவிடும்.

இன்னொன்று சி-பெப்டைட். 1967 வாக்கில் சிகாகோவில் ஸ்டெய்னர் செய்த ஆராய்ச்சியில் வெளிவந்தது. கணையம் ஒரு இன்சுலின் செய்யும்போதெல்லாம் ஒரு சி-பெப்டைட்டும் பிரிந்து வரும். இன்சுலின் காசோலை என்றால் சி-பெப்டைட் அதன் அடிக்கட்டை. ஊசியில் போடுகிற இன்சுலினில் இந்த அடிக்கட்டை கிடையாது. ஆகவே ஊசி போட்டுக்கொள்கிறவருக்கும் சொந்தக் கணையம் எவ்வளவு எழுதுகிறது என்று இதை எண்ணிப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் சர்க்கரை மிக ஏறியிருக்கும் முதல் வாரங்களில் கணையம் களைத்துக் கிடக்கும், அப்போது எடுத்த சி-பெப்டைட் குறைவாகத் தெரிந்து ஏமாற்றும். சில மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால், "முன்னாடியே எடுத்தாச்சே, காசு பிடுங்குறாங்க" என்று நினைக்க வேண்டாம்.

சிறு வயதில் வயிற்றுவலி இருந்தவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் வயிற்றை ஸ்கேன் எடுத்துக் கணையத்தில் கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்பதும் முக்கியம். "அப்பாவுக்கும் உண்டு சார்" என்றால் போதாது. அப்பாவுக்கு முப்பதில் வந்ததா, அறுபதில் வந்ததா? இதை எழுத ஒரு தாள் போதும். ஊருக்குப் போன் போட்டு அத்தையிடம் கேட்டால் மூன்று தலைமுறைக் கதையும் வரும்.

வகைகளின் எண்ணிக்கையும் நின்றபாடில்லை. ஸ்வீடனில் 2018-இல் ஓர் ஆய்வு, வயது வந்தவர்களின் நீரிழிவை ஐந்து கூட்டங்களாகப் பிரித்தது. சென்னையில் டாக்டர் ஆர்.எம். அஞ்சனா, டாக்டர் மோகன் குழுவினர் 2020-இல் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது, டைப் 2-க்குள்ளேயே நான்கு கூட்டங்கள் தெரிந்தன. அதில் இரண்டு ஸ்வீடனில் காணாதவை. மேற்கத்திய அளவுகோலை அப்படியே நம் மேல் வைத்தால் பொருந்தாது என்று 1955-லிருந்தே சொல்லி வந்ததுதான் மறுபடியும்.

1999-இல் தலைப்பிழந்தவர்கள் என்ன ஆனார்கள்? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் நிஹால் தாமஸ் குழுவினர், நியூயார்க்கின் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மெரடித் ஹாக்கின்ஸ் குழுவோடு சேர்ந்து அவர்களைத் திரும்பத் தேடினார்கள். 2022-இல் முடிவு வெளியானது. மொத்தம் 73 பேர், எல்லோரும் ஆண்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் மிக நுட்பமான அளவுகள். பி.எம்.ஐ. 19-க்கும் குறைவான நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, டைப் 1, டைப் 2 நோயாளிகளோடும், நோய் இல்லாதவர்களோடும் ஒப்பிட்டார்கள். மெலிந்தவர்களின் கணையம் டைப் 2 நோயாளியை விடக் குறைவாகவும், டைப் 1 நோயாளியை விட அதிகமாகவும் இன்சுலின் சுரந்தது. சுரந்த இன்சுலினுக்கு உடல் டைப் 2 நோயாளியை விட நன்றாகவே கட்டுப்பட்டது. ஹிம்ஸ்வொர்த் 1936-இல் கேட்ட அதே கேள்விக்கு, அவரது இரண்டு பெட்டியிலும் சேராத ஒரு பதில்.

2025 ஜனவரியில் வேலூரில் பல நாட்டு வல்லுநர்கள் கூடிப் பேசினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த உலக மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு 'டைப் 5' என்று பெயரிட்டு அறிவித்தது. உலகில் 2 கோடி முதல் 2.5 கோடிப் பேர் வரை இந்த வகையில் இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். இதை ஏற்காத வல்லுநர்களும் உண்டு. இதுதான் என்று காட்ட ஒற்றைச் சோதனை எதுவும் இல்லை, சிறு வயதுப் பசிதான் காரணம் என்பதும் முழுக்க நிரூபணமாகவில்லை என்கிறார்கள். அவர்கள் கேள்வி 1999-இல் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இந்த முறை கணக்கு மூடப்படவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இப்படிப்பட்டவரை டைப் 1 என்று நினைத்து நிறைய இன்சுலின் கொடுத்தால், மூன்று வேளை சோறு நிச்சயமில்லாத வீட்டில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். டைப் 2 என்று நினைத்து "சாப்பாட்டைக் குறை, எடையைக் குறை" என்றால், ஏற்கெனவே வற்றிய உடம்பு இன்னும் வற்றும். நம் ஊரில் சர்க்கரையைப் 'பணக்கார வியாதி' என்பார்கள். வெயிலில் நின்று வேலை செய்து, ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்று குபூஸும் சாயாவுமாக ஒரு வேளையை ஓட்டுகிற எத்தனையோ பேர் அந்தப் பேச்சை நம்பி, "எனக்கெல்லாம் எங்கே சுகர் வரப்போகுது" என்று சோதித்துப் பார்க்காமலே இருக்கிறார்கள்.

கடிதம் எழுதிய நேயருக்கு: உங்கள் மருத்துவரிடம் "இது டைப் 2 என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" என்று தயங்காமல், மரியாதையாகக் கேளுங்கள். வயதையும் உடல்வாகையும் வைத்து என்றால், அது நியாயமான தொடக்கம். எடை தானாகக் குறைகிறதா, மாத்திரை கேட்கிறதா என்று பார்த்து மேலே போகலாம். ஆன்டிபாடியும் சி-பெப்டைட்டும் சிறிய கிளினிக்கில் இருக்காது. ரத்தம் எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இன்சூரன்சில் வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். எடை எவ்வளவு இருந்தது, சர்க்கரை எவ்வளவு, சிறுநீரில் கீட்டோன் இருந்ததா என்ற மூன்றும் அதில் இருக்கும். கம்பெனி மாறினாலும், நாடு மாறினாலும், லீவில் ஊருக்குப் போய் வேலூரிலோ சென்னையிலோ காட்டினாலும் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். வகை சந்தேகமாக இருக்கிறது என்பதற்காகப் போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலினை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்தால் காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.